இடது பக்கம் ஏறு, பெர்னார்ட்

டெலிபோன் அலறியது.

ஈப்போ நகரம். கார் பட்டறை. கிரீஸ் கையோடு ரிசீவரை எடுத்தான் பெர்னார்ட்.

"சன்னாசி போயிட்டான்லா. லோம்போங்ல மிதக்குறான்."

சன்னாசி... பட்டறையில் அவனுடைய கூட்டாளி. ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டை ஒன்றில் பிணமாக!

தவறி விழுந்திருப்பான் என்று எழுதிக்கொண்டு போனது போலீஸ்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம், பட்டறை வாசலில் ஓர் உறுமல்.

பார்க்காமலே தெரிந்தது. கறுப்பு மஸ்டாங். எட்டு சிலிண்டர். எழுபத்தொன்றில் பெர்னார்டும் சன்னாசியும் வெட்டி, தட்டி, பற்றவைத்து வேறு பிறவி எடுக்க வைத்த அமெரிக்க வண்டி.

ஓட்டி வந்தவர் அதன் முதலாளி பெரியநாயகம். பழைய ரப்பர் மரங்களை வெட்டி விற்கிற காண்டிராக்டர்.

"ஏறு தம்பி. மனசு சரியில்ல. சும்மா ஒரு ரவுண்டு போலாம்."

வண்டியின் மூக்கில் புதுப் பெயிண்ட். அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, இடது பக்கம் ஏறினான் பெர்னார்ட். காலை நீட்டினான். டேஷ்போர்டுக்கு அடியில் பாதத்தால் எதையோ துழாவினான். பிறகு சாய்ந்துகொண்டான்.

"இந்தக் கதவுல ஒரு கைப்பிடியும் இல்லையே அண்ணே? கண்ணாடி இறக்குறதும் காணோம்."

"கழண்டுருச்சு. நீதான் மாட்டித் தரணும்."

மஸ்டாங் பாய்ந்தது.

"ஞாபகம் இருக்கா தம்பி? அந்த அமெரிக்கன் ஊருக்குப் போறப்ப இந்த வண்டிய எனக்கு வித்துட்டுப் போனான். அப்ப ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால லோரி போனா எனக்கு ஒண்ணும் தெரியாது. உன்னை எட்டிப் பாக்கச் சொல்லித்தான் முந்துவேன்."

"மறக்க முடியுமா? என் மூஞ்சிதானே உங்களுக்கு சைடு கண்ணாடி."

"அப்பறம் நீங்க ரெண்டு பேரும் ஸ்டியரிங்க வலது பக்கம் கொண்டாந்தீங்க. பெரிய கார்புரேட்டர், பின்னால தடி தடியா டயரு... சுங்காய் ரோட்ல ஒரு பய கிட்ட வரல."

"பிரேக்க மட்டும் முழுசா மாத்த விடல நீங்க. தீபாவளிக்கு ரேஸ் இருக்குன்னு பறந்தீங்க."

"பின்ன? நான் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாச்சு. நீ ஜெபமாலை தொங்க விட்டாச்சு. ரெண்டு சாமி இருக்கறப்ப பிரேக் எதுக்குலா?"

இருவரும் சிரித்தார்கள்.

தார் ரோட்டை விட்டு வண்டி செம்மண்ணில் இறங்கியது. ஆளில்லாத ரப்பர் தோட்டம். காடு மண்டிய லயத்து வீடுகள். எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை.

"சன்னாசி உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

பெரியநாயகத்தின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"சொன்னான். நீங்க பெயிண்ட் அடிக்க விட்டப்ப, முன் விளக்கு வளையத்துல ஒரு துணி மாட்டியிருந்துச்சாம். ரப்பர் பால் காஞ்சு வெறச்சுப் போன துணி."

இருளாயி! ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நடந்து போனபோது, எந்த வண்டி அடித்தது என்று தெரியாமலே செத்துப் போனவள்.

"அந்தத் துணி எங்க?"

பெர்னார்ட் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

"நல்லதாப் போச்சு. தேடி அலைய வேணாம்."

"சன்னாசிய நீங்கதானே அண்ணே...?"

"போலீசுக்குப் போறேன்னு குதிச்சான். தள்ளிவிட்டேன்."

மரங்கள் விலகின.

வெள்ளை மணல் சரிவு. சரிவின் அடியில்... பச்சைத் தண்ணீர்.

"அதே தண்ணிதான் உனக்கும். கூட்டாளி செத்த துக்கத்துல நீ என் வண்டிய எடுத்துட்டுப் போய் விழுந்துட்டதா சொல்லிக்கிறேன். வண்டி போகுதேன்னுதான் வயிறு எரியுது."

கடைசியாக ஒரு மிதி. வண்டி சீறியது. தன் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே குதித்தார் பெரியநாயகம்.

மஸ்டாங் தண்ணீரை நோக்கிச் சரிந்தது.

பெர்னார்ட் இடது காலை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டான். இரும்புக் கம்பி ஒன்று தட்டுப்பட்டது.

மிதித்தான்.

மணல் தெறித்தது. வண்டி குலுங்கி, வழுக்கி... முன் சக்கரம் நனைந்த இடத்தில் நின்றது!

மேலே, சரிவில், மடங்கிய காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் பெரியநாயகம். ஓட்டுநர் பக்கம் தாண்டி, வண்டியைப் பின்னால் எடுத்து அவரருகில் நிறுத்தினான் பெர்னார்ட்.

"எப்படிடா... பிரேக் என் பக்கம்..."

"உங்க பக்கம் இருக்கறது மிதிகட்டை மட்டுந்தான். பிரேக் இன்னும் பழைய இடத்துலதான் கெடக்கு. குறுக்கால ஒரு கம்பி விட்டு இழுத்திருக்கோம். என் பக்கம் அந்தக் கம்பிய மிதிச்சாலே வண்டி நிக்கும். நீங்கதானே முழுசா மாத்த விடல?"

"அந்தத் துணிய குடுத்துரு தம்பி. என்ன வேணும்னாலும் தாரேன்..."

பெர்னார்ட் பையிலிருந்து எடுத்துப் போட்டான். கிரீஸ் துணி.

"அது நேத்தே போலீஸ் பாலாய்ல சேந்துருச்சு. இருளாயிக்கு அது போதும். சன்னாசிக்கு உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு... அதான் ஏறுனேன்."

அவரைத் தூக்கி இடது பக்கம் உட்கார வைத்தான். கதவை அறைந்து சாத்தினான். பெரியநாயகத்தின் விரல்கள் கதவைப் பிறாண்டின.

"தொறடா! தொறந்து விடுடா!"

பெர்னார்ட் கியரைப் போட்டான்.

"கைப்பிடிதானே அண்ணே? ஜெயில்லேருந்து வாங்க... மாட்டித் தாரேன்."