வந்து இருங்கோ

“வீட்டுக்காரர்!” என்று படலையடியில் யாரோ கூப்பிட்டார்கள். கஜனி யன்னலால் எட்டிப் பார்த்தாள். படலை சாத்தியபடியே இருந்தது. மத்தியான வெயில் கொதித்த செம்மண் ஒழுங்கையில் ஒரு ஆடுகூட இல்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளையல்லவா, வாய் சும்மா இருக்குமா? படலையில் கூப்பிட்டவரை வெயிலில் நிறுத்தி வைப்பது அவள் வளர்ந்த வீட்டில் பெரிய பாவம். ஆளைக் காணாமலே, “ஓம், வாங்கோ! வந்து இருங்கோ,” என்று சொல்லிவிட்டாள்.

ஒருவரும் வரவில்லை. பக்கத்து வளவாக்கும் என்று மறுபடி கதிரையில் சாய்ந்தாள். அமைதிக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது! ஆகஸ்ட் பிறந்தால் அவர்கள் குடியிருக்கும் பரிஸ் முழுவதும் கடைகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்கு ஓடும். அங்கே துவாய் விரிக்கவும் இடம் கிடைக்காது. ஊருக்கு வந்தால், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சொந்தங்கள் அதைவிடக் கூட்டம். அவளுக்கு ஐந்தாம் மாதம். முந்திய இரண்டும் தங்கவில்லை. “சனமில்லாத இடமாப் பாருங்கோ, இந்தப் பிள்ளை எனக்கு வேணும்,” என்று அவள் அழுத அழுகையில்தான் கணவன் அனோஜன், சுவிசிலிருக்கும் கூட்டாளி குகதாசன், கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்த சனம் ஒருகாலம் நெருங்கிக் கிடந்த தர்மபுரத்தில் கட்டிப் பூட்டி வைத்திருந்த இந்தப் புதுவீட்டுக்குத் திறப்பு வாங்கினான். இப்போது கிளிநொச்சிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான்.

முதலில் வந்தது வாசம். பல நாள் முழுகாத தலைகளின் சிக்கு, மண்ணெண்ணெய், புளித்த பால், நெடுந்தூரம் நடந்து வந்த உடம்புகளின் வேர்வை எல்லாம் ஒன்றாகக் கலந்து, விறாந்தையால் ஏறி, மூடிய கதவைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வரும் விருந்தாளிபோல மெதுவாக உள்ளே வந்தது. பிறகு யாரோ தகரப்பெட்டியை மாபிள் தரையில் இறக்கினார்கள். ஒரு கிழவர் இருமினார். எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கி, பால் கிடைத்ததும் அடங்கியது. கூடத்திலோ ஒரு குருவியும் இல்லை.

ஐயோ, கடவுளே! கஜனி எழுந்து கதவுக்குப் போனாள். தோள் ஒரு தோளில் இடித்தது. முழங்காலில் யாருடைய முதுகோ சூடாகத் தட்டியது. ஐந்தடியில் கதவு. ஆனால் கால் வைக்கத் தரையில் இடமில்லை.

“எங்கை பிள்ளை போறியள்?” என்று காதோடு ஒரு பெண்குரல் கேட்டது. “இப்ப வெளியிலை போகாதேங்கோ.”

“இன்னும் சனம் வருது,” என்றது வாசலில் ஓர் ஆண்குரல். “உள்ளுக்கை நெருங்கி இருங்கோ.”

நெருங்கினார்கள். கையைத் தூக்க முடியவில்லை. கைத்தொலைபேசி யன்னல் விளிம்பில் கண்ணெதிரே கிடந்தது, எட்டவில்லை.

“போங்கோ!” என்று கத்தினாள். “உங்களைக் கும்பிட்டன், போங்கோ!”



“எங்கை போறது, பிள்ளை?”

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதுதான் அவளை உலுக்கிப் போட்டது.

பிறகு மண்வெட்டி. காலுக்குக் கீழே பதுங்குகுழி வெட்டும் சத்தம். சறக். சறக். மாபிளில் ஒரு கீறலும் விழவில்லை. தூரத்தில் எறிகணைபோல ஏதோ ‘தும்’ என்று குத்தியது. அத்தனை மூச்சும் ஒன்றாக நின்றது.

“பிள்ளைத்தாச்சியை முதல் பங்கருக்குள்ளை இறக்குங்கோ!”

கைகள். கக்கத்தில், முழங்காலடியில், இடுப்பில். பூவைத் தூக்குவதுபோலத்தான் தூக்கினார்கள். தரை அவளைத் தடுக்கவில்லை. குளிர். இருட்டு. வாயெல்லாம் மண்.

“பயப்படாதேங்கோ,” என்றது அதே பெண்குரல். “பிள்ளைக்கு ஒண்டும் வராது. நாங்கள் மேலை படுக்கிறம்.”

ஒருத்தி படுத்தாள். அவள்மேல் இன்னொருத்தி. அவளுக்கும் மேல் யாரோ.

மோட்டார் சைக்கிள் சத்தம். அனோஜன்! தலைக்கு மேலே மாபிளில் காலடி. குசினிக்குப் போனது. அறைக்குப் போனது. திரும்பி வந்து நேர்மேலே நின்றது.

“கஜனி? கஜனி!”

வாயைத் திறந்தாள். ஓர் உள்ளங்கை அன்பாக வந்து மூடியது.

“சத்தம் போடாதேங்கோ, பிள்ளை.”

அப்போதுதான், முதல்முதலாக, வயிற்றுக்குள் குழந்தை துடித்தது. உடனே இருட்டுக்குள் எட்டுப் பத்துக் கைகள் தடவித் தடவி வந்து, அந்த இடத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொத்தின. இறுக்கிப் பொத்தின.