பீர்க்கங்கொடி ஏறிய வலை

அந்த ஆள் அரை நிமிடத்துக்கு மேல் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜோதிலட்சுமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் ஒரு பெண் மாடியில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அத்தனை பெரிய அதிசயமா என்ன? ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். ஏரிப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. கீழே ஒரு டி.வி.எஸ் வண்டி, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய காலி தெர்மாகோல் பெட்டிகள், ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றியபடி அவன். வெயிலில் கறுத்த முகம். அதில் அந்தக் கண்கள் மட்டும்... சே, அதை எதற்கு இப்போது கவனிக்க வேண்டும்?

"என்ன வேணும்?" என்றாள், கைப்பிடிச் சுவருக்கு வந்து.

அவன் திடுக்கிட்டான். கண்ணை அவளைத் தாண்டி எங்கோ திருப்பினான். திருப்பிய இடத்திலேயே அது நிலைகுத்தி நின்றது.

"மேடம்... கொஞ்சம் நவுந்துக்கிறீங்களா? மறைக்குது."

"என்ன மறைக்குது?"

"என் வலை."

ஜோதி திரும்பிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே அவள் இழுத்துக் கட்டியிருந்த வலைப் பந்தல். அதன் மேல் பீர்க்கங்கொடி அடர்ந்து படர்ந்து, சாயங்காலத்துக்கே மலரும் அதன் மஞ்சள் பூக்களை அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தது. ஆக, அவன் பார்த்தது அவளை இல்லை... வலையை. நிம்மதியாக இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்குச் சின்னதாக ஓர் ஏமாற்றம் வந்தது. இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

வலை வந்த கதை இதுதான். ஆடி மாதம் மீன் வாங்கக் கோவளம் போயிருந்தாள். மணலில் கடை போட்டிருந்த முத்தாலம்மாள் என்ற அம்மாளிடம், செடி வைக்க உடைந்த மீன் பெட்டி கிடைக்குமா என்று கேட்டாள். மண்தொட்டிகளின் கனத்தில் தளம் ஒழுகத் தொடங்கியிருந்தது. தெர்மாகோல் பெட்டியில் தென்னை நார்த்தூளை நிரப்பினால் ஒரு கையாலேயே தூக்கி வைக்கலாம். "அந்தா கீது பாரு கண்ணு, எல்லாத்தையும் தூக்கினு போ" என்று அந்த அம்மாள் படகோரம் கையைக் காட்டினாள். பெட்டிகளுக்கு அடியில் ஒரு வலை மூட்டை கிடந்தது. நீலம், பச்சை, வெள்ளை என்று ஐந்து நிறத்தில் ஒட்டுப்போட்ட பழைய வலை. எல்லாத்தையும் என்றால் எல்லாவற்றையும்தானே? மூங்கிலும் கயிறும் வாங்கும் வேலை மிச்சம் என்று அதையும் சேர்த்துத் தூக்கி வந்துவிட்டாள்.

"எங்கம்மா பொட்டியத்தான் சொல்லியிருக்கும் மேடம்" என்றான் அவன், மாடிக்கு வந்து அவள் சொன்னதைக் கேட்டதும். பெயர் மதியழகன். "ரிப்பேருக்கு எட்த்து வச்சிருந்தேன். மூணு மாசமா கோவளம் பூரா தேடிகினு கீறேன். பெருங்களத்தூர் மார்க்கெட்டுக்கு மீன் போட்டுட்டு சொம்மா குறுக்குத் தெருவுல வந்தேன்... பார்த்தா இங்க பூ பூத்துகினு கீது."

"அது உங்களோடதுதான்னு எப்படித் தெரியும்?"

அவன் வலையை விரலால் தொட்டான். "சுனாமி அலை வந்துச்சு இல்ல... அப்ப எல்லார் வலையும் போயிருச்சு. மணல்ல பொதைஞ்சு கெடந்த துண்டெல்லாம் பொறுக்கி நானே முடிஞ்சேன். நீலம் எங்க வூட்டுது. பச்சை பக்கத்து வூட்டு யேசுதாசன் அண்ணனுது. வெள்ளை யாருதுன்னே தெரியாது." சொல்லிவிட்டுச் சிரித்தான், பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்பதுபோல.

ஜோதிக்கு முகம் சுண்டிப்போனது. குப்பை என்று நினைத்து எதைத் தூக்கி வந்திருக்கிறாள்... "மன்னிச்சுக்கோங்க. இப்பவே அவிழ்த்துத் தந்துடறேன்" என்று கொடியைப் பிடித்து இழுக்கப் போனாள்.

சட்டென்று அவன் கை குறுக்கே வந்தது. "வோணாம் மேடம். பிஞ்சு கீது பாருங்க."

இருந்தது. வலைக்கண் சின்னது. அதில் ஒரு பிஞ்சு மாட்டிக்கொண்டு இடுப்பு நெறிந்து வளைந்திருந்தது. அவன் இரண்டு விரலை உள்ளே விட்டுக் கண்ணை மெல்ல அகட்டினான், மறு கையால் பிஞ்சைத் தாங்கிக் கீழே இறக்கிவிட்டான். பிஞ்சின் தோலில் ஒரு கீறல் விழவில்லை. கயிறு உரசிக் காய்த்துப்போன அந்த விரல்களுக்கு இத்தனை மென்மை எப்படி வந்தது என்று ஜோதி பார்த்துக்கொண்டே நின்றாள். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் அவள். தினமும் எத்தனையோ கைகளைப் பார்க்கிறவள். இப்படி ஒரு கையை இதுவரை பார்த்ததில்லை.

"காய்ச்சி முடியட்டும். அப்பால எட்த்துக்கிறேன். என்னாண்ட இன்னொரு வலை கீது" என்றான். பிறகு சுற்றிலும் பார்த்தவன் கண்ணைச் சுருக்கினான். "இன்னா மேடம் இது... செடிக்கு ஒடம்பு சரியில்லையா? குளுக்கோஸ் ஏத்துறீங்க?"

தேதி முடிந்துபோன, பிரிக்காத சலைன் டியூப்கள். ஆஸ்பத்திரியில் கழித்துப் போடுவதைக் கேட்டு வாங்கி, பழைய எண்ணெய் கேனில் சொருகி, பெட்டிக்கு ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தாள். "சின்னச் சக்கரத்தை உருட்டினா போதும். நிமிஷத்துக்குப் பத்து சொட்டு. நான் டியூட்டிக்குப் போனாலும் அதுபாட்டுக்குத் தண்ணி போகும்" என்றாள்.

அவன் சக்கரத்தை உருட்டிப் பார்த்தான். சொட்டு விழுவதைக் கணக்காகக் கவனித்தான். "மூளை மேடம் உங்களுக்கு" என்றான். அதில் கேலி இல்லை. ஜோதி அன்று இரண்டு முறை கண்ணாடி பார்த்தாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த டி.வி.எஸ் சத்தம் தெருவில் கேட்கும். கேட்டால் வலையைப் பார்க்க வந்தேன் என்பான். ஆனால் அவன் பார்த்தது வலையை மட்டும் இல்லை. பெட்டியின் அடியில் துளை போடாமல், இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டில் போடச் சொன்னான். அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கும், ஒருநாள் மறந்தாலும் செடி வாடாது. பெட்டியை நல்ல தண்ணீரில் மூன்று தரம் ஊறப்போட்டு உப்பு போக்கினான். ஒரு மூடி போட்ட பக்கெட்டில் மீன் கழிவையும் வெல்லத்தையும் கலந்து வைத்து, மூன்று வாரம் கழித்து அதில் ஒரு சின்ன மூடி அளவு எடுத்து ஒரு குடம் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னான். கத்தரி இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. ரயில்வேயில் ரிட்டையரான ஜோதியின் அப்பா ராஜகோபால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மூடியை மட்டும் திறந்து வச்சுடாதே தாயே" என்பார்.

ஒரு ஞாயிறு அவன் இரு கைகளையும் விரித்துப் பந்தலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தான்.

"என்ன அளக்கறீங்க?"

"ரெண்டு பாகம் அகலம், மூணு பாகம் நீளம். நாங்க இப்டித்தான் கையை விரிச்சு அளப்போம்."

"எவ்வளவு கிழிச்சிருக்கேன்னு பார்க்கறீங்களா?"

"ஆமா... நஷ்டத்த யாராண்ட கேக்குறது?" என்றான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பெட்டியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு தொட்டி ஓரம் ஒண்டினார்கள். தெர்மாகோல் மேல் மழை தடதடத்தது. அவன் ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. அவன் இமையில் ஒரு துளி நின்றது, விழவில்லை... அது விழும்வரை ஜோதி மூச்சு விடவில்லை.

கெடுத்தது அவள் வாய்தான்.

கார்த்திகை முதல் ஞாயிறு லோகநாயகி அத்தை வந்திருந்தாள். மாடிக்கு ஏறி வந்தவள், ஏணி மேல் நின்று கொடியைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருடி இது?"

ஜோதி சட்டென்று ஒரு பெட்டியை நகர்த்தக் குனிந்தாள். முகம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்ற பயத்தில், "அவரா... வலைக்காரர் அத்தை. வலையைப் பார்த்துட்டுப் போக வருவார்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட அலட்சியமாக வந்து விழுந்தது.

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். கையைத் துடைத்துக்கொண்டான். "கொடி முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க மேடம். வந்து எட்த்துக்கிறேன்."

அடுத்த ஞாயிறு டி.வி.எஸ் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பந்தலில் காய் கொட்டியது. துவையல், கூட்டு, பஜ்ஜி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் மிச்சம். வலைக்கண்ணில் மாட்டிய பிஞ்சுகளை அவனைப் போல இறக்கிவிடப் பார்த்தாள். மூன்று ஒடிந்தன. அவன் விதைக்கென்று சிவப்பு நூல் கட்டி விட்ட முதல் காய் மட்டும் உச்சியில் முற்றிக்கொண்டிருந்தது.

"அந்தத் தம்பி ஏம்மா வர்றதில்ல?" என்றார் அப்பா.

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று உள்ளே போய்விட்டாள். கொடி காய்ந்தால் அவன் ஒரே ஒருமுறை வருவான். வலையை எடுத்துப் போவான். அதோடு சரி. கொடி காயவே கூடாது என்று வேண்டிக்கொண்டு, சக்கரத்தை உருட்டிச் சொட்டைக் கூட்டி வைத்தாள்.

மார்கழி பிறந்ததும் பொறுக்க முடியாமல் பெட்டி வாங்கும் சாக்கில் கோவளம் போனாள். அவன் இல்லை. முத்தாலம்மாள்தான் இருந்தாள்.

"வா கண்ணு. இன்னாத்த சொல்றது, ஒரே பேஜாரா கீது. அவன் வலைய எவனோ விசைப்படகுக்காரன் இழுத்துகினு பூட்டான். பத்து நாளாச்சு. அடுத்தவன் படகுல கூலிக்குப் போறான்."

"அந்த இன்னொரு வலை... எங்க வீட்டுல..."

"அதத்தான் நானும் சொல்றேன். போய் எட்த்தாடான்னா, அதுல கொடி காய்ச்சினு கீதும்மா, வாக்கு குட்த்துட்டேன், அறுக்கக் கூடாதுங்கிறான். இப்டியும் ஒருத்தன் இருப்பானா?"

ஜோதி பெட்டி கேட்கவில்லை. மீன் வாங்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். வண்டலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை குறை சொல்லாமல், அவள் கொடிக்காகத் தன் வலையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறான். அவள் அவனை வலைக்காரர் என்றாள்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் அரிவாள்மனையோடு மாடிக்குப் போனாள். பூவும் பிஞ்சுமாக நின்ற கொடியை வேரோரம் ஒரே அறுப்பாக அறுத்தாள். பிறகு வலையிலிருந்து ஒவ்வொரு சுருளாகப் பிரிக்க உட்கார்ந்தாள். இழுத்தால் அவன் முடிச்சு போய்விடும். நகத்தால்தான் பிரிக்க வேண்டும்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். அறுந்த கொடியைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வலையின் மறுமுனையில் உட்கார்ந்து அவரும் பிரிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்து, "நல்ல பையன்மா. ஏணியில ஏறும்போது கூடச் செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஏறுவான்" என்றார். ஜோதி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வலை ஈரமானது.

அன்று சாயங்காலம் கோவளத்தில் அவன் ஒரு படகு நிழலில் தனியாக உட்கார்ந்து எதையோ முடிந்துகொண்டிருந்தான். வலை மூட்டையோடு எதிரே வந்து நின்றவளைக் கண்டதும், கையிலிருந்ததை அவசரமாக முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"கொடி... முடிஞ்சிருச்சா மேடம்?"

"முடிச்சுட்டேன்."

அவன் மூட்டையை அவிழ்த்தான். வலைக்கண்களில் பச்சை மாறாத சுருள்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. விரல் நின்றுபோனது. "காய்ச்சிகினு இருந்த கொடிய அறுத்தீங்களா?"

"இதோ இருக்கு விதை." சிவப்பு நூல் கட்டிய முற்றல் காயைக் குலுக்கிக் காட்டினாள். உள்ளே கலகலவென்றது. "தைப்பட்டத்துல மறுபடியும் போட்டுக்கலாம். உங்க சீசன் திரும்ப வராதில்ல." பிறகு ஒரே மூச்சில், "அன்னிக்கு அத்தைகிட்ட அப்படிச் சொன்னேனே... தப்பு" என்றாள்.

"நான் வலைக்காரன்தானே."

"அது இல்ல. என்ன சொல்லணும்னு தோணுச்சோ அதை அத்தைகிட்ட சொல்ல முடியாது."

"என்னாண்ட?"

மணலைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் கடைசியில் அந்தக் கண்களைப் பார்த்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வாராவாரம் உங்க வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அதைத்தான் சொல்லியிருக்கணும்."

அவன் முதுகுக்குப் பின்னால் ஒளித்ததை எடுத்து அவள் கையில் வைத்தான். புது நைலான் நரம்பில் பின்னிய வலை. கண் ஒவ்வொன்றும் ஒரு கை நுழையும் அகலம்.

"இது எந்த மீனுக்கு?" என்றாள், ஆச்சரியமாக.

"இதுல எந்த மீனும் நிக்காது. எல்லாம் வெளிய பூடும்."

"பின்னே?"

"ரெண்டு பாகம் அகலம், மூணு பாகம் நீளம். பீர்க்கங்கா மாட்டாம நேரா எறங்கும்." மிச்சமிருந்த ஒரு மூலையைக் காட்டினான். "இன்னும் நாலு வரிசைதான் பாக்கி. முடிச்சு எட்த்துகினு வரலாம்னு இருந்தேன்... நீங்க கூப்டாம எப்டி வர்றதுன்னுதான் மெதுவா முடிஞ்சேன்."

ஜோதிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கோபித்துக்கொண்டு போனவன், போன இடத்தில் உட்கார்ந்து அவள் மாடிக்கு வலை பின்னிக்கொண்டிருந்திருக்கிறான்.

"தைப்பட்டத்துக்கு வந்து நீங்களே கட்டித் தருவீங்களா?"

"வரேன். ஆனா அதுக்கு முன்னாடி நானும் ஒண்ணு ஒத்துக்கணும்." தலையைச் சொறிந்தான். கறுத்த முகத்தில் வெட்கம் நன்றாகவே தெரிந்தது. "மொத நாளு, நவுறுங்க, வலை மறைக்குதுன்னு சொன்னேன் இல்ல..."

"ஆமாம்."

"அது பொய்யி. நீங்க கேட்டதும் எங்க பாக்குறதுன்னு தெரியாம கண்ணத் திருப்புனேன். வலை அப்பறந்தான் கண்ல பட்டுச்சு, ஜோதி."