லியோனார்ட் ஊதிய விசில்

கையில் குடை இருந்தும் அந்த மனிதன் நனைந்துகொண்டிருந்தான்.

ஞானபாக்கியத்தின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். நவம்பர் இரண்டாம் தேதி... கல்லறைத் திருநாள். மணி ஐந்தரைதான், ஆனாலும் ராயபுரத்து வானம் அதற்குள் கறுத்துவிட்டது. அம்மாவின் கல்லறையில் செவ்வந்தி மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றி, ஜெபம் சொல்லி எழுந்த நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் முந்தானையையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார்கள். அவன் மட்டும் மதிலோரத்துக் கல்லறை ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எரிகிற மூன்று மெழுகுவத்திகளுக்குக் குடை பிடித்திருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக் காக்கிச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கல்லறையில் இருப்பவரை அவளுக்குத் தெரியும். லியோனார்ட்... பேசின் பிரிட்ஜில் ரயில்வே கார்டாக இருந்தவர். கல்மண்டபம் யூனியன் என்ற கால்பந்து கிளப்பை ஆரம்பித்து, சாகிறவரை அதற்கு மேனேஜராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவரைப் பெட்டியில் வைத்தபோது, கூப்பிய கைகளுக்குள் அவருடைய பித்தளை விசிலைச் செருகியவர் அவளுடைய அப்பா தவசிமுத்துதான். மதிலுக்கு அந்தப் பக்கம் கிளப்பின் மைதானம். கோல் கம்பத்துக்கும் இந்தக் கல்லறைக்கும் இடையில் ஒரு சுவர்தான்.

லியோனார்டுக்குப் பிறகு அப்பாதான் மேனேஜர். இந்த வருஷம் ஆறு ஆட்டம் ஆடி ஆறும் தோல்வி.

மழைக்கு முன்னால் இதே இடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்று வாதாடியதை அவள் அம்மாவின் கல்லறையருகே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பீடிக்கடை சௌக்கத் அலியின் குரல்தான் ஓங்கியிருந்தது. துறைமுக ஆபீஸ் கிளார்க் ஒருவர் வரட்டும், அவருக்கு இங்கிலீஷ் வரும் என்றது ஒரு கட்சி. இங்கிலீஷ் வந்தால் கோல் வருமா, பழைய ஆட்டக்காரர் கிருஷ்ணப்பன்தான் சரி என்றது இன்னொன்று. கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வந்தால் நடுவரையே அடிப்பான், கோல்கீப்பர் ஜெயவேலைப் போடுங்கள் என்றது மூன்றாவது. தவசிமுத்துவை மாற்ற வேண்டும் என்பதில் மட்டும் சண்டையே இல்லை.

"ஆளு தங்கமான மன்சன் மாமு... மூளைதான் பேஜாராகிப் பூட்ச்சி" என்று யாரோ சொன்னபோது அவள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாதம் முடிகிற வழியாக இல்லை. கடைசியில் ஸ்தாபகரையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. மூன்று பெயரை மூன்று சீட்டில் எழுதி, கல்லறை மேல் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெழுகுவத்தி. எது கடைசிவரை எரிகிறதோ அவர்தான் மேனேஜர். ஏற்றி வைத்த ஐந்தாவது நிமிஷம் மழை. எல்லாரும் ஓடிவிட்டார்கள்... இவனை விட்டுவிட்டு.

பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அவளுக்குள் கோபம் புகைந்துகொண்டிருந்தது.

"யாரு பேருக்குக் குடை பிடிக்கறீங்க?"

அவன் நிமிர்ந்தான். இமை மயிரில் மழைத்துளி நின்றது. அந்தத் துளிக்குள் மெழுகுவத்திச் சுடர் குட்டியாக எரிந்தது. அவள் சட்டென்று பார்வையை இறக்கிக்கொண்டாள்.

"மூணு பேருக்கும்தாங்க."

"இதுல உங்க பேரும் இருக்கா?"

"ஓரத்துல அணையற மாதிரி கீது பாருங்க... அது."

ஓ... காக்கிச் சட்டை... இவன்தான் ஜெயவேலா? பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் வேலை செய்கிறவன். அப்பா இவனைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"அப்ப குடையை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சா யாருக்குத் தெரியப்போவுது?"

"இவருக்குத் தெரியும்" என்று கல்லறையைக் காட்டினான். வேடிக்கைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் அவள் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான். குடை ஒரு கணம் ஆடியது... ஓரத்து மெழுகுவத்தி மேல் இரண்டு துளி விழுந்தது.

"பாத்துங்க... மேனேஜர் வேலை போயிடப் போவுது."

"போனா போவுது" என்றான், அவளைப் பார்த்தபடியே.

என்ன தைரியம். கன்னம் சூடாவதை மறைக்க அவள் கல்லறைப் பக்கம் திரும்பி, இப்போது இருக்கிற மேனேஜருக்கு ஏன் மெழுகுவத்தி இல்லை என்று கேட்டாள். அவன் முகம் மாறியது. அவர் மேல் தனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு என்றான். ஆனால் ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது செத்தவர் விசில் ஊதுகிறார், அதைக் கேட்டுத்தான் நம் பையன்கள் நின்றுவிடுகிறார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொன்னால்... சொல்லிக்கொண்டே எழுந்து, நனையாத பக்கமாக ஓர் அடி எடுத்து வைக்கப் போனான்.

அப்போது அது கேட்டது.

மதிலுக்கு அப்பால், யாருமில்லாத மைதானத்தில், நீளமாய் ஒரு விசில்... மழையின் ஓசையை அது ஒரு நூல் போல அறுத்துக்கொண்டு வந்தது. காற்று இல்லை. மர இலை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் தூறலுக்குத் தப்பி எரிந்துகொண்டிருந்த அத்தனை சுடர்களும் மதில் பக்கமாகத் தலை சாய்த்தன... கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பது போல.

ஞானபாக்கியம் பயத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் ஜெயவேலைப் பார்த்தாள். தூக்கிய கால் தரையில் படாமல் அந்தரத்தில் அப்படியே நின்றது. கண்கள் கோல் கம்பம் இருக்கும் திசையில் குத்திட்டிருந்தன.

விசில் ஓய்ந்தது. சுடர்கள் நிமிர்ந்தன. கல்லறையின் மேல் இரண்டு மெழுகுவத்திகள் அணைந்திருந்தன. ஓரத்தில் இருந்தது மட்டும் நின்று எரிந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் மெதுவாக.

"இன்னா?"

"விசில்."

"இல்லியே... ரயிலு எதுனா கூவியிருக்கும்."

"உங்க காலு நின்னுச்சு. நான் பாத்தேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க."

சொல்லும்போதே அவன் பார்வை மறுபடி மதில் பக்கம் போயிற்று. அவளுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. "நான் தவசிமுத்து மக. பேரு ஞானபாக்கியம்" என்றாள். அவன் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. "இந்த நிமிஷம் வரைக்கும் எங்கப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நானும்தான் நெனச்சுட்டிருந்தேன். ஞாயித்துக்கெழமை ஊர்லேருந்து பெரியப்பா வர்றாரு. அப்பாவைக் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில காட்டிட்டு, எங்க கடையை மூடி, எங்களைத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போகப்போறாரு. இப்பச் சொல்லுங்க... கேட்டுச்சா, இல்லையா?"

அவன் உதடு பிரிந்தது. அதே நேரம் வாசல் பக்கமிருந்து சௌக்கத் அலியும் மற்றவர்களும் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவன் உதடு மூடிக்கொண்டது.

அவள் மழையிலேயே நடந்துவிட்டாள். பின்னால் "ஜெயவேலு ஜெயிச்சிட்டான்" என்ற கூச்சல் எழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். எனக்கும் கேட்டுச்சுப்பா... நிஜமா. தவசிமுத்து அவள் தலையைத் தடவினார். "பெத்த மகளைப் பொய் சொல்ல வச்சுட்டேனே, எம்மா" என்றார். அதற்கு மேல் அவள் என்ன சத்தியம் செய்தும் பிரயோஜனமில்லை. அப்பாவுக்காக மகள் எதையும் சொல்வாள்... யார்தான் நம்புவார்கள்? அந்த வாரமெல்லாம் அவர் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, ஒரு பக்கம் காதைச் சாய்த்து, எதையோ எதிர்பார்ப்பவர் போல இருந்தார். தன் காதையே சந்தேகித்து இரண்டு காதிலும் பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சுக்குள்ளும் கேட்டதாம்.

தண்டையார்பேட்டையில் அவர்களுடைய கயிறு, தார்ப்பாய்க் கடை. எதிர்ச் சாரியில் இரண்டு நாள் சாயங்காலம் ஒரு காக்கிச் சட்டை வந்து நின்றது. நிற்கும்... இந்தப் பக்கம் பார்க்கும்... போய்விடும். வரட்டுமே, வந்து வாய் திறக்கட்டுமே என்று அவள் கதவுப் பலகையைச் சத்தமாகச் சாத்தினாள். சாத்திவிட்டு இடுக்கு வழியே பார்க்கவும் செய்தாள். போன பிறகு ஏன் நெஞ்சு இப்படி வெறிச்சென்று கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பொய்க்காரன்... அவன் கண்ணில் மட்டும் ஏன் பொய் இல்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் பனி தெருவை அடைத்திருந்தது. கிளப்புக் கூட்டம் எப்போதும் அப்பாவின் கடையில்தான் நடக்கும். கயிற்றுச் சுருள்களின் மேல் ஆட்டக்காரர்களும் ரசிகர்களுமாக இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாளே வந்துவிட்ட பெரியப்பா வெள்ளத்துரை, சட்டைப் பையில் ரயில் டிக்கெட்டோடு நாற்காலியில் இருந்தார். ஞானபாக்கியம் தார்ப்பாய்க் கட்டுகளுக்குப் பின்னால் நின்றாள்.

சௌக்கத் அலி எழுந்து, கல்லறையில் வந்த தீர்ப்பைச் சொல்லி, கிளப்புச் சட்டைகள் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியின் சாவியை ஜெயவேலிடம் கொடுத்துவிடும்படி பவ்யமாகத்தான் கேட்டான். தவசிமுத்து இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார்.

ஜெயவேல் வாங்கவில்லை.

"மொதல்ல ஒண்ணு சொல்லணும்" என்றான். "மொத மேட்சுல கால் வழுக்கி கோல் வுட்டேன்னு சொன்னேன். வழுக்கல. விசில் கேட்டுச்சு... நின்னுட்டேன். பந்து என் காலாண்டையே உருண்டு உள்ள போச்சு. அதுக்கப்புறம் முட்டி வலின்னு சொல்லி நான் கோல்ல நிக்கவே இல்ல. முட்டி நல்லாத்தான் கீது. அந்தக் கல்லறைக்கு முதுகு காட்டி நிக்க எனக்கு தில்லு இல்ல."

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

"அன்னிக்குத் தோட்டத்துலயும் கேட்டேன். ஐயா பொண்ணு நேருக்கு நேரா கேட்டாங்க. இல்லன்னுட்டேன். கிறுக்குன்னு சொல்லிடுவீங்களேன்னு பயம். நம்ம எல்லாருக்குமா சேத்து அந்தப் பேரை இவரு ஒருத்தரே சொமந்துகினு கீறாரு." அவன் ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பினான். "இப்பவாவது சொல்லுங்கடா."

இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் வேம்பு தலை நிமிராமலே, தசை பிடித்துக்கொண்டது என்று தான் சொன்னதும் பொய்தான் என்றான். பிறகு இன்னொருவன்... கண்ணில் மண் விழுந்ததென்று சொன்னவன். பிறகு இன்னொருவன். ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் கேட்டதென்று நினைத்து இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

சௌக்கத் அலி மெல்ல உட்கார்ந்துவிட்டான். "அப்ப... அந்தாளு இன்னும் நம்ம ஆட்டத்தைப் பாத்துகினுதான் கீறாரா?"

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் ராயபுரம் இருக்கும் திக்கைப் பார்த்தார்கள். தெருவில் பனியைத் தவிர ஒன்றுமில்லை.

தவசிமுத்துவின் தோள்கள் குலுங்கின. அவர் அழுகிறாரென்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெயவேலின் கையை விரித்துச் சாவியை வைத்து மூடினார். "மேனேஜர் வேலை கெடக்குடே... நாளைக்கு நீ தோத்தா உன்னையும் மாத்துவானுவ. எனக்கு என் காது திரும்பக் கெடச்சுட்டு. அது போதும்."

வெள்ளத்துரை பையிலிருந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

ஐயா பக்கத்தில் நின்றால்தான் சாவியை எடுப்பேன் என்றான் ஜெயவேல். இனி ஆட்டத்துக்கு முன்பே பையன்களிடம் சொல்லிவிடலாம்... கேட்கும், நிற்காதே, ஓடு என்று. அது நடக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் சரியென்று தலையாட்டிக் கலைந்தார்கள். போகும்போது யாரும் தனியாகப் போகவில்லை. இருவர் இருவராகவே போனார்கள்.

தார்ப்பாய்க் கட்டுகளுக்கு இந்தப் பக்கம் அவன் வந்து நின்றான்.

"இன்னிக்காவது சொல்லிட்டீங்களே" என்றாள் அவள், கயிற்று முனை ஒன்றைப் பிரித்துக்கொண்டே.

"இன்னும் பாதி கீது."

அவள் விரல் நின்றது.

"அந்தச் சத்தத்தை ஆறு மாசமா தனியா கேட்டுகினு கீறேன். ராவுல தூக்கம் கெடையாது. அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னு 'கேட்டுச்சா'ன்னீங்க பாருங்க... ஒலகத்துல எனக்கு ஒரு தொணை கீதுன்னு அப்பத்தான் தோணிச்சி. அந்தத் தொணையப் பாத்தே இல்லன்னுட்டேன். அதான் எதிர்ச் சாரியில வந்து வந்து நின்னேன்." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டான். "உங்கள எனக்குப் புட்ச்சிருக்குங்க. நான் புளியந்தோப்பு. உங்க ஜாதி இல்ல, உங்க கோயிலும் இல்ல. ஆனா இதை மறைச்சு வெக்க என்னால ஆவாது."

வெளியே பனி ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதற்காக ஊதுகிறார்... யாரைத் தேடுகிறார்... தெரியாது. ஒருவேளை என்றைக்குமே தெரியாமல் போகலாம். ஆனால் எதிரில் நின்ற கண்களை அவள் இந்தத் தடவை நேராகப் பார்த்தாள். பார்வையை இறக்கிக்கொள்ளவில்லை.

"நாலு பேரு வந்தா இதையும் இல்லன்னு சொல்லிட மாட்டீங்களே?"

"சௌக்கத் பாய் இன்னும் தெரு முனை தாண்டியிருக்க மாட்டாரு. கூப்டு அவரு எதிர்லயே சொல்லட்டா?"

"வேணாம்..." அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்தது. "அப்பாகிட்ட நான் சொல்றேன். எனக்கும் புடிச்சிருக்குன்னு சேத்தே சொல்றேன்."