நுரையீரல் தகடு

அந்த அச்சுக்கூடத்துக்கு நானும் மாமாவும் போனது பிற்பகல் மூன்று மணிக்கு. வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு. ஈரக் காகிதமும் மையும் கலந்த வாடை. அதற்கடியில் நோயாளி படுத்திருக்கும் அறையின் வாடை.

மாமா, என் அக்காவின் கணவர், உடலுறுப்புப் படங்கள் சேர்ப்பவர். செப்புத் தகட்டில் வரைந்து அச்சிட்டவை. ஒரு தகட்டுக்கு ஐந்தே தாள். ஆறாவது வந்துவிடக் கூடாதென்று, ஐந்து முடிந்ததும் தகட்டின் குறுக்கே இரண்டு கோடு கிழித்துப் பாழாக்கிவிடுவார்கள். மாமா வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் கை, கண், நாக்கு எல்லாம் தொங்கும். அக்கா சமையலறையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டுவிடுவாள்.

எல்லாத் தகட்டையும் ஓவியர் கண்ணாடியிலும் எக்ஸ்ரேயிலும் தன் உடம்பைப் பார்த்தே முன்பே வரைந்து முடித்திருந்தார். இப்போது பக்கத்து அறையில் கிடந்தார். அவர் மூச்சு கரகரவென்று இங்கே வரை கேட்டது. அச்சிடுவது அவர் மனைவி. ஐந்தாவது நுரையீரல் தாளைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"கைத் தகட்டக் கீறின அன்னிக்கு அவர் கை விழுந்துச்சு. கண்ணு தகட்டக் கீறினோம், பார்வை போச்சு. அப்புறம் பேச்சு. இத மட்டும் விட்டுடுங்க சார். ஆறாவது போட மாட்டேன், சத்தியமா."

"கீறாத தகடு இருந்தா என் தாளுக்கு என்ன மரியாதை? தகடும் நான் வாங்கிக் குடுத்ததுதான்."

மாமாவிடம் இரக்கம் மருந்துக்கும் கிடையாது. அந்த அம்மாள் தகடு கீறும் ஊசியைத் தொடவில்லை.

"மாப்ள, கோட்ட நீ போடு," என்றார் மாமா என்னிடம்.

அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். ஊசியை வாங்கிக்கொண்டேன்.

இடது மூலையிலிருந்து ஒரு கோடு. பக்கத்து அறையில் மூச்சு திணறியது.

நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை.

இரண்டாவது கோடு முடிந்தபோது அந்தச் சத்தம் இல்லை.

அந்த அம்மாள் உள்ளே போய்விட்டு வந்தார். "மூச்சு இல்ல," என்றார்.

"சரி, கீறின தகட்டுல ஒரு தாள் எடுத்துக் குடுங்க. அத்தாட்சிக்கு வேணும்ல," என்றார் மாமா, பாவி.

அந்த அம்மாள் அழாமல் மை தடவினார். தாளை வைத்தார். சக்கரத்தைச் சுற்றினார்.

தாளில் நுரையீரல் மட்டும் இருந்தது.

தகட்டைத் தடவினேன். நான் கீறின பள்ளத்தில் என் நகம் சிக்கியது.

"கோடு எங்கம்மா?"

"எங்கயாவது விழுந்திருக்கும்," என்றார் அவர்.

படியிறங்கும்போது மாமா இருமினார். மாலைக்குள் மூச்சு விடவே முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு கோடு. மெஷின் கோளாறு என்றார் டாக்டர். மறுபடி எடுப்பதற்குள் மாமா போய்விட்டார்.

எனக்கும் இருமல் இருந்ததால் என்னையும் நிற்கவைத்து ஒன்று எடுத்தார்கள். இடது தோளிலிருந்து ஒரே ஒரு கோடு.

இன்று காலை வேறு ஆஸ்பத்திரியில், வேறு மெஷினில் எடுத்துப் பார்த்தேன். வலது தோளிலிருந்து இன்னொன்று கிளம்பி, விரல் நீளத்துக்கு இறங்கியிருக்கிறது.