மூன்று ரிக்கற், நான்கு பேர்

மடியில் இருக்கிற பிள்ளைக்கு ரிக்கற் தேவையில்லை. இது எங்கள் அப்பாவின் சட்டம். யாழ்ப்பாணத்து பஸ்ஸிலும் சரி, ரொறொன்ரோவில் நடக்கும் தமிழ் விழாக்களிலும் சரி, இந்தச் சட்டம் நன்றாகவே வேலை செய்தது. ஆகவே நகரத்துத் தியேட்டரில் நடக்கும் பாட்டு நாடகத்துக்கும் அப்பா மூன்று ரிக்கற்தான் எடுத்தார். அம்மாவுக்கு, தனக்கு, எனக்கு. நாலு வயதுத் தம்பி சீமோன் மடியில்.

தியேட்டர்காரருக்கு இந்தச் சட்டத்தை யாரும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

அந்த நாடகத்தின் விளம்பரம் ரிவியில் வந்தால் போதும், அம்மா அகப்பையும் கையுமாய் வந்து நின்றுவிடுவார். ஒரு நாளும் "பார்க்க வேணும்" என்று வாய்திறந்து கேட்டதில்லை. அப்பா கவனித்திருக்கிறார். பிஸ்கற் தொழிற்சாலையில் சனிக்கிழமையும் வேலை செய்கிற அம்மா, நாடகத்தன்று மட்டும் லீவு எடுத்தார். எங்கள் வீடு இருக்கிற வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ், பிறகு சப்வே ரயில். குளிர்க் கோட்டுக்குள் நீலச் சேலை, காலில் பனிச் சப்பாத்து. எனக்கு அம்மா அழகாகத்தான் தெரிந்தார்.

வாசலில் நின்ற நரைத்த தலைப் பெண்மணி ரிக்கற்றை எண்ணினார். பிறகு எங்களை எண்ணினார். மடியில் இருக்கிற பிள்ளைக்கும் ரிக்கற் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா தன் சட்டத்தை விளக்கிப் பார்த்தார். அந்தப் பெண்மணிக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு இடமும் மிச்சமில்லை. நாடகம் தொடங்கக் கால்மணி நேரமே இருந்தது.

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. அம்மா உடனே ஆரம்பித்தார்.

"நான் வெளியில நிக்கிறன். நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்குத் தலையும் இடிக்குது."

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் தலையிடி எப்போதும் இப்படித்தான் வரும். பொரித்த மீன் குறைந்தால் அம்மாவுக்குப் பசிக்காது. காரில் இடம் குறைந்தால் அம்மாவுக்கு உடுப்புத் தோய்க்க இருக்கும்.

பிழை தன்னுடையது, தானே நிற்பதாக அப்பா சொன்னார். அம்மா விடவில்லை. இவர் அவரைப் போகச் சொல்ல, அவர் இவரைப் போகச் சொல்ல, நேரம் போய்க்கொண்டிருந்தது. சீமோன் வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்தோ என்னவோ, சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.

நான் யோசித்தேன். 'இது உங்களுக்காக' என்றால் அம்மா எதையும் வாங்கமாட்டார். வேலை என்று கொடுத்தால் மட்டும் மறுக்கமாட்டார்.

"அம்மா, வெளியில நிக்கிற ஆளுக்கு முழுக் கதையையும் ஆரோ சொல்ல வேணும். அப்பா இருட்டில நித்திரை கொண்டிடுவார். எனக்கு ஒரு பாட்டும் மனசில நிக்காது. நீங்கள்தான் ஒருக்காக் கேட்டால் அப்பிடியே பாடுவீங்கள். நீங்கள் போனால் நாலு பேரும் பார்த்த மாதிரி" என்றேன்.

அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "செலீன் சொல்லுறது சரி. நீர் போய்ப் பார்த்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லும்."

அம்மா என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப நான் வடிவாக் கவனிக்க வேணும்" என்று சேலையைச் சரிசெய்தார். தலையிடி போன இடம் தெரியவில்லை. அப்பா வெளியில் நிற்க, நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம்.

மேடையில் பெரிய கப்பல் ஒன்று வந்தது. புயல் வந்தது. கப்பல் தலைவனின் மகள் காணாமல் போனாள். அம்மா ஒரு தடவைகூடச் சாய்ந்து உட்காரவில்லை. உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டே இருந்தன. நான் மேடையைவிட அம்மாவைத்தான் அதிகம் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

திரும்பும்போது சப்வேயில் அம்மா கதையைத் தொடங்கினார். அப்பாவின் தொப்பியைப் போட்டுக் கப்பல் தலைவன் ஆனார். புயலுக்குச் சீமோனைப் பிடித்து உலுக்கினார். ஆங்கில வரி மறந்த இடத்தில் தமிழில் பாடினார். ரயிலில் சத்தம் போடாதே என்று எங்களை அதட்டுகிற அதே அம்மா! முன்னால் இருந்தவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கும் இடம் வந்தும் கதையில் கப்பல் தலைவனின் மகள் கிடைக்கவில்லை. பஸ் நிலையத்து வாங்கில் அப்பா உட்கார்ந்துவிட்டார். மகள் கிடைக்கும்வரை மூன்று பஸ்களைப் போகவிட்டோம்.

திங்கட்கிழமை அப்பா வேலையிடத்தில் எல்லோருக்கும் அந்த நாடகத்தைச் சொன்னாராம். எந்த வரிசையில் இருந்து பார்த்தீர்கள் என்று அங்கே கூட வேலை செய்கிற மகேஸ்வரன் அங்கிள் கேட்டாராம்.

"ஆக முன் வரிசை" என்றாராம் அப்பா.