தலை மினுங்கிய நரி

ஷார்ஜாவின் முவைலாவில் சுபிஷா வசிக்கும் கட்டடத்துக்குப் பின்னால், கார்கள் நிறுத்தும் மணல் திடல் ஒன்று உண்டு. நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா டியூட்டி முடிந்து வரும்வரை சுபிஷாவும் தம்பி ஆல்டோவும் அங்கேதான் விளையாடுவார்கள். மேல்மாடி ஹருகாவும் வருவாள். அவள் ஜப்பான்காரி, சுபிஷாவின் வகுப்புத் தோழி.

அன்று மாலை ஹருகா ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்கள் நாட்டுக் கதைகளில் கிட்சுனே என்ற மாய நரி வரும். மனிதராக மாற நினைத்தால், ஒரு மண்டையோட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும். தலையை ஆட்டிப் பார்க்கும். ஓடு விழாமல் நின்றால் போதும். யாரைப் பார்க்கிறதோ அவரைப் போலவே மாறிவிடும்!”

“என்னைப் பார்த்தா?” என்று கேட்டான் ஆல்டோ.

“ரெண்டு ஆல்டோவா? ஒண்ணையே அம்மாவால சமாளிக்க முடியல,” என்றாள் சுபிஷா.

டொக்!

மூவரும் திரும்பினார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நரி நின்றது. மெலிந்த உடம்பு, நீண்ட வால். ஆனால் முகம் இல்லை! முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று சாயங்கால வெயிலில் பளபளவென்று மினுங்கியது.

நரி தலையை ஆட்டியது. தலையில் இருந்த பொருள் விழவில்லை. மறுபடியும் ஆட்டியது. அப்போதும் விழவில்லை.

“கிட்சுனே…” கதை சொன்ன ஹருகாவே சுபிஷாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“என்னப் பாத்துரப் போவுது!” ஆல்டோ ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டான். மறுகையால் ஒரு கல்லை எடுத்தான்.

ஓடிவிடலாமா என்று சுபிஷாவும் நினைத்தாள். அதற்குள் நரி ஒரு காரில் மோதி விழுந்து, தள்ளாடி எழுந்தது. மினுங்கிய தலைக்குள் வெள்ளையாகப் புகை போல ஏதோ படர்ந்தது. மறைந்தது. மீண்டும் படர்ந்தது.

“லே, கல்லக் கீழ போடு! அது மூச்சு விடுது. மாய நரிக்கு எதுக்குலே மூச்சு முட்டணும்? தலையில மாட்டியிருக்கது மயோனைஸ் டப்பா!” என்று கத்தினாள் சுபிஷா.

இப்போது அந்த வெண்மை மறையவே இல்லை. நரி முன்கால் மடிந்து சரிந்தது.

சுபிஷா வாட்ச்மேன் மீரா சாகிப்பிடம் ஓடினாள். “மாமா, நரி! மூச்சு முட்டிச் சாகப்போவுது!”

“நரியா? கிட்டப் போகாத புள்ள! கடிச்சா ஊசி போடணும். முனிசிபாலிட்டிக்கு போன் போடுறேன்.”

“அவங்க வர்றதுக்குள்ள செத்துரும் மாமா. வாயே டப்பாக்குள்ள இருக்கு. எப்படிக் கடிக்கும்?”

மீரா சாகிப் தன் பழைய காரின் உறையை உருவிக்கொண்டு ஓடினார். அதை நரியின் மேல் போட்டு, முழங்காலால் மெல்ல அமுக்கிக்கொண்டு டப்பாவை இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். நரி முனகியது.

“இழுக்காதீங்க! முதல்ல ஓட்டை போடுங்க மாமா. காத்து போகட்டும்!” தள்ளி நின்ற சுபிஷா கத்தினாள்.

அவர் சாவியால் டப்பாவின் அடியில் ஓங்கிக் குத்தினார். பிளாஸ்டிக் கிழிந்தது. வெண்மை மெல்லக் கலைந்தது. உறைக்கு அடியில் வயிறு ஏறி இறங்கத் தொடங்கியது.

“இப்ப மெதுவாத் திருகுங்க.”

திருகினார். ப்ளக்! டப்பா கையோடு வந்தது. மீரா சாகிப் துள்ளிக் குதித்துப் பின்வாங்கினார்.

உறை அசையவில்லை. ஆல்டோ விரல் இடுக்கு வழியே பார்த்தான்.

முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு இரண்டு பெரிய காதுகள் விசுக்கென்று நிமிர்ந்தன. நரி அவர்களை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த நொடி மணலைச் சிதறடித்துக்கொண்டு பறந்துவிட்டது.

“யா அல்லாஹ்!” மீரா சாகிப் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஹருகா அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை மீரா சாகிப்பின் அறை வாசலில் ஒரு செருப்பைக் காணவில்லை. சுற்றிலும் நரியின் காலடித் தடங்கள்.

“உதவி செய்தவர்களுக்கு நரி பரிசு கொண்டுவரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்,” என்றாள் ஹருகா. சுபிஷா அதைத் தமிழில் சொன்னாள்.

“கொண்டு வரும்னுதானே சொல்றாங்க? இது கொண்டு போயிருக்கே புள்ள!” என்றார் மீரா சாகிப்.

சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டித் திடலுக்குப் போய், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார்.