தொண்டி வீட்டுக் குடித்தனம்

அடுப்புச் சாம்பல் சுட்டது. சதக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு. பூட்டு அவன் போட்டது. சாவி அவன் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

தொண்டிக் கடற்கரையை ஒட்டிய அந்த வீட்டை அவன் வாங்கியபோது கீழக்கரையில் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கொழும்புக்கே குடிபோய்விட்ட ஒரு வியாபாரி தலைமுழுகிய வீடு அது. உப்புக்காற்று சுவரை அரித்திருந்தது. உள்ளே குடியிருந்தவள் போகமாட்டேன் என்றாள். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள்தான் சதக்கின் பிழைப்பு. யாருக்கும் வேண்டாத வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, இருப்பவர்களைக் கிளப்பி, வெள்ளையடித்து விற்றுவிடுவான். கிளப்புவதற்கு அடிதடி எதுவும் வேண்டியதில்லை. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனால் போதும். பழுது பார்ப்பதாகச் சொல்லி வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போனால் போதும்.

இங்கே இருந்தவள் குல்சும், கைக்குழந்தையோடு ஒரு விதவை. மழை இறங்குகிற நேரம் பார்த்து, ஓடு மாற்றப் போகிறேன் என்று ஆள் ஏற்றிக் கூரையைப் பிரித்துவிட்டான்.

“மழ முடியட்டும் காக்கா. புள்ளைக்கு நெஞ்சுல சளி. நானே போயிர்றேன்” என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினாள் அவள்.

“மழ ஒனக்கு மட்டுமா பெய்யுது?” என்றான் சதக்.

நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் போன கையோடு ஓடு வேய்ந்து பூட்டினான், மழை விட்டதும் போன வாரம் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. நாளைக் காலையில் வீட்டை வாங்குகிறவர் வருகிறார். இந்த நேரத்தில் அடுப்பு சுடுகிறது.

திரும்பி வந்து ஒளிந்திருக்கிறாள், வேறென்ன. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தாள்.

“குல்சும் இங்கன வந்துட்டுப் போறாளா?”

வெள்ளையம்மாள் நிமிர்ந்து அவனை வெறித்தாள். “அவ எங்கிட்டு வர? அக்காள்மடம் ஊர்ல அவ அக்கா வீட்டுல மொதல்ல புள்ள போச்சு. பொறவு அவளும் போயிட்டா. ஒங்களுக்குச் சேதி வரலையா?”

சதக் கடலைப் பார்த்தான்.

“அப்ப வீட்டுல யாரு?”

“நீங்க குடிவச்ச ஆளுகதேன். நெதம் அந்தியில பேச்சுச் சத்தம் கேக்குதே. நெறையப் பேரு இருப்பாக போல.”

எவனோ கள்ளச்சாவி போட்டு ஆள் ஏற்றியிருக்கிறான். அப்படித்தான் அவன் நினைத்தான். அப்படி நினைக்கத்தான் அவனுக்குப் பிடித்திருந்தது. வெள்ளையம்மாளிடம் அரிக்கேன் விளக்கை வாங்கிக்கொண்டு, அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஓய்ந்த நேரம் மறுபடியும் படியேறினான்.

உள்ளே புதுச் சுண்ணாம்பின் வாடை, அதற்கு அடியில் ஈரத்துணியின் புழுக்கம், அதற்கும் அடியில் காய்ச்சல்காரர்களுக்கு வடிக்கிற கஞ்சியின் மெல்லிய ஆவி. விளக்கு வெளிச்சம் சுவரில் வழுக்கிக்கொண்டு முன்னே போக, அவன் செருப்புச் சத்தம் ஓய்ந்த இடத்தில், பின்கட்டின் மூடிய கதவுக்கு அப்பால் ஒரு தையல் மெஷின் மெதுவாக ஓட ஆரம்பித்தது. சுற்றுக்கொரு தரம் அதன் வார் கீச்சிட்டது.

அந்தக் கீச்சு அவனுக்குத் தெரியும். கீழக்கரையில் தையல்காரர் மஹ்மூதின் மெஷின். கடையைக் காலி செய்த அன்று அதை அவன்தான் மழையில் தூக்கி வைக்கச் சொன்னான்.

யாரோ இருமினார்கள். நீளமான, ஈரமான இருமல். முடிவில், “முருகா...”

ராமநாதபுரத்து நாகநாதன். கட்டிலோடு தெருவில் இறக்கி வைத்த கிழவர். அந்த வாரமே செத்துப்போனவர்.

போய்விடலாம். வாசல் அவனுக்குப் பின்னால் திறந்துதான் இருந்தது. கடல் சத்தம் கேட்டது. ஆனால் நாளைக்கு ஆள் வருகிறார். வீடு காலியாக இருந்தாக வேண்டும். அந்த எண்ணம்தான் அவன் கையைத் தாழ்ப்பாளுக்குக் கொண்டுபோனது.

“பிஸ்மில்லாஹ்.”

கதவு சத்தமில்லாமல் திறந்தது.

ஆட்கள். சுவரோரம், நடுவில், மூலையில். முழங்காலோடு முழங்கால் இடிக்க. மடியில் மூட்டை. பானை. சுருட்டிய பாய். வெளிச்சம் பட்ட முகமெல்லாம் தெரிந்த முகம். தொண்டி, கீழக்கரை, ராமநாதபுரம். அவன் காலி செய்த வீடுகள். எல்லா வீடுகளும்.

யாரும் கோபப்படவில்லை. அவனைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் நெருக்கி ஒதுங்கினார்கள், நெரிசலான பஸ்ஸில் புதிதாக ஏறியவனுக்கு ஒதுங்குவது போல. நடுவே வழி விழுந்தது. குல்சும் தன் பிள்ளையைத் தோள்மாற்றிக்கொண்டு நகர்ந்தாள்.

வழியின் முடிவில், சுவரோரம், ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மூட்டை. புத்தம் புது மூட்டை.

அவள் திரும்பினாள்.

அவன் மனைவி ஹமீதா பானு. இன்று காலை கீழக்கரை வீட்டில் அவனுக்கு இடியாப்பம் எடுத்து வைத்தவள். மடியில் அவர்களுடைய மகள்.

விளக்கைத் தாழ்த்தினான். மகளின் மார்பு அசைகிறதா என்று பார்த்தான். அசையும் அசையும் என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

“பானு...”

“சத்தம் போடாதீங்க” என்றாள் அவள். “புள்ள இப்பத்தேன் தூங்குச்சு.”

பிறகு மூட்டையைத் தன் பக்கம் இழுத்து, அவன் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.